சமாத்யாவில் ஒரு மீன் சாப்பாடு

பாரிசில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருந்துவிட்டு அக்டோபரில் ஊர் திரும்பும் வழியில், இஸ்தான்புல்லில் மூன்று நாள் தங்கினேன். உடன் வந்தவன் என் பள்ளித் தோழன். புதுச்சேரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பிரெஞ்சு இலக்கணத்துக்கு அடி வாங்கியவர்கள் நாங்கள். இன்று அவன் பிரெஞ்சுக் குடிமகன். நான் புதுச்சேரி அரசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன்.

அவனுக்கு அந்த ஊர் பழக்கம். சுற்றுலாக்காரர்கள் மொய்க்கும் இடம் வேண்டாம் என்று சமாத்யா என்ற பேட்டைக்கு அழைத்துப் போனான். மர்மாரா கடலோரம், பழைய கோட்டை மதிலுக்குள் இருக்கிறது. மணல் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயராம். கிரேக்கர்களும் ஆர்மீனியர்களும் நிறைந்திருந்த இடம். சின்னச் சதுக்கம், மீன் கடை, நாலைந்து சாப்பாட்டுக் கடைகள், மேசைக்கு மேசை பூனைகள்.

உட்கார்ந்ததும் அவன் "கர்சோன்!" என்று பரிமாறுபவரைக் கூப்பிட்டான்.

"டேய், இங்கேயும் பிரெஞ்சா?"

"பிரெஞ்சு இல்லடா, துருக்கியே அதுதான்."

உண்மைதான். டாக்சி ஓட்டுபவர் ஷொஃபோர், லிஃப்ட் அசான்சோர், பில் அதிசியோன். 19ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் படித்தவர்களுக்குப் பிரெஞ்சுதான் கௌரவ மொழி. சுல்தானின் அரசே 1868இல் கலாத்தாசராயில் பிரெஞ்சு வழிப் பள்ளி திறந்தது. நம்மைப் போல அடி வாங்கிய பையன்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள்!

பனிக்கட்டி மேல் அடுக்கிய மீன்களைக் காட்டினார்கள். நாம் கைநீட்டுவதை எடை போட்டுச் சுடுவார்கள். பெரிய படகுகளுக்கு அங்கே ஏப்ரல் 15 முதல் ஆகஸ்ட் முடியும்வரை தடை. நமக்கும் அதே நாளில்தான் தொடங்குகிறது, ஆனால் 61 நாள்தான். அதனால் அக்டோபரில் மீனுக்குப் பஞ்சமில்லை. நம் சூரைக்கு உறவான பலாமுட் ஒன்று, கொடுவா போன்ற லெவ்ரெக் ஒன்று சொன்னோம். மசாலா கிடையாது. உப்பு, எலுமிச்சை, பச்சை வெங்காயம், கசப்பான ஒரு கீரை, அவ்வளவுதான். என் நாக்கு முதலில் ஏமாந்தது, இரண்டாவது வாயில் சமாதானமாகிவிட்டது.

பலாமுட், லெவ்ரெக், நவரை போன்ற பார்புன்யா, கானாங்கெளுத்தியின் உறவான உஸ்கும்ரு. இத்தனையும் கிரேக்கத்திலிருந்து வந்த பெயர்கள். துருக்கியர் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து குதிரையில் வந்தவர்கள். கடல்மீனுக்குப் பெயரைக் கரையில் ஏற்கெனவே வலை வீசிக்கொண்டிருந்தவர்களிடம்தானே கேட்டிருக்க வேண்டும்? இந்த பலாமுட் கூட்டமாகத் தங்கக் கொம்புக்குள் வந்து மாட்டுவதையும், அதைக் கையாலேயே பிடிப்பதையும் ஸ்ட்ராபோ இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

பெயர் வைத்தவர்கள் எங்கே? 1923 ஜனவரி 30 அன்று லோசானில் ஓர் ஒப்பந்தம். சுமார் 12 லட்சம் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் அந்தப் பக்கம், 4 லட்சம் முஸ்லிம்கள் இந்தப் பக்கம். மதத்தை வைத்துப் பிரித்தார்கள், யாரையும் விருப்பம் கேட்கவில்லை. இஸ்தான்புல் கிரேக்கர்களுக்கு விலக்கு. அவர்களுக்கும் 1955 செப்டம்பர் 6, 7 வந்தது. தெசலோனிக்கியில் அதாதுர்க் பிறந்த வீட்டருகே குண்டு வெடித்தது என்ற செய்தி பரவி, கடைகளையும் வீடுகளையும் தேவாலயங்களையும் நொறுக்கினார்கள். 1964இல் கிரேக்க பாஸ்போர்ட் வைத்திருந்த சுமார் 12,000 பேரை 20 கிலோ சாமானோடு வெளியேற்றினார்கள். கணவனிடம் கிரேக்கத் தாள், மனைவியிடம் துருக்கித் தாள் என்ற குடும்பங்கள் மொத்தமாகவே கிளம்பிவிட்டன. இன்று அங்கே மிஞ்சியிருப்பவர்கள் சில ஆயிரம் பேர்தான்.

இதைப் பேசும்போது எங்கள் கதைக்கு வராமல் இருக்க முடியவில்லை. 1962 ஆகஸ்ட் 16 நமக்கு என்ன நாள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து ஆறு மாதம். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதாதவர்கள் இந்தியர். அவன் அப்பா சொல்தா, பென்ஷன்காரர், எழுதிக் கொடுத்தார். என் அப்பா "நமக்கெதுக்கு" என்று இருந்துவிட்டார். பெஞ்ச் மட்டும் அப்படியே இருந்தது. பதினெட்டு வயதில் அவன் பிரான்சுக்குப் போனான்.

அவனுடைய சம்பளம், வீடு, பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் பார்த்துப் பல வருஷம் உள்ளுக்குள் பொருமியிருக்கிறேன். அப்பா மேல் கோபமும் உண்டு. அலுவலகத்தில் அடுத்தவர் மனுக்களுக்கு முத்திரை குத்தும்போதெல்லாம் அந்த ஒரு தாள் ஞாபகம் வரும். இதை அவனிடம் முதல்முறையாக அன்றுதான் சொன்னேன்.

அவன் ராக்கியில் தண்ணீர் ஊற்றினான், பால்போல் வெளுத்தது. "உங்க அப்பா செத்தப்போ நீ பக்கத்துல இருந்தே. எனக்குத் தந்தி வந்து, நான் வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு" என்றான். "ஆனா ஒண்ணுடா, நம்மளக் கேட்டாங்க. இவங்கள யாரும் கேக்கலையே."

பிறகு லெவ்ரெக்கின் தலையைக் கிள்ளி என் தட்டில் வைத்தான். அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனால் அவன் அம்மா எனக்கு வைப்பது அதுதான். காலித் தட்டென்று நினைத்துக் கர்சோன் எடுக்க வந்தார். நான் கையால் மூடிக்கொண்டேன்.