கொட்டியாரக் குடாவும் சில குறிப்பேடுகளும்

எமது துறைமுகத்தின் வரலாற்றை எழுதுவோர் கோட்டைகளையும் கப்பல்களையும் பீரங்கிகளையும் எண்ணுவது வழக்கம். நூற்றாண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டபோது, நான் கொப்பிகளை எண்ணிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். இந்தக் கரையோடு தொடர்புபட்ட சிலர் தம் வாழ்வைத் தாளில் எழுதிவைத்தார்கள். ஏன் எழுதினார்கள் என்பது ஒரு வைத்தியராக எனக்கு நெடுநாள் ஆர்வமான கேள்வி.

ரொபேர்ட் நொக்ஸை நம் எல்லோருக்கும் தெரியும். புயலில் அடிபட்ட 'ஆன்' என்ற கப்பல் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. 1660இல் கப்பற் தலைவரான தந்தையும் அதே பெயர் கொண்ட மகனும் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் அகப்பட்டனர். அதை நினைவூட்டும் கல்லொன்று 1893இல் மூதூரில் நாட்டப்பட்டது. தந்தை அடுத்த ஆண்டே காய்ச்சலில் இறந்தார். மகன் தொப்பி பின்னி விற்றுச் சீவித்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பினார். ஊர் திரும்பும் கடற்பயணத்திலேயே எழுதத் தொடங்கினார். 1681இல் நூல் வெளிவந்தது. இவ்வளவும் வகுப்பில் படித்ததுதான்.

படிக்காத பகுதிதான் என்னைக் கவர்ந்தது. புத்தகம் அச்சாகிப் பெயர் பெற்ற பிறகும் மனிதர் எழுதுவதை நிறுத்தவில்லை. வெற்றுத்தாள்கள் இடையிட்டுக் கட்டிய தம் நூற்பிரதி ஒன்றில், திருத்தங்களையும் தம் வாழ்க்கைக் கதையையும் முதுமையில் தொடர்ந்து எழுதினார். 1720இல் இறந்தார். அந்தக் கையெழுத்துப் பக்கங்கள் ஒக்ஸ்போர்ட் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1911இல்தான் அச்சேறின. முதல் நூல் உலகத்துக்கு. இரண்டாவது தனக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொருவர் நம் நகரத்திலேயே உறங்குகிறார். முற்றவெளிப் பக்கமுள்ள பழைய கல்லறைத் தோட்டத்தை எத்தனையோ தடவை கடந்து போயிருப்போம். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் கடைசித் தம்பி சார்ள்ஸ் ஒஸ்ரின் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார். கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் தளபதியாக இருந்து, 1852 ஒக்ரோபரில் பர்மாவில் ஐராவதி ஆற்றில் வாந்திபேதியால் இறந்தவர். அவருடைய அந்தரங்கக் குறிப்பேடுகள் கிரீனிச்சிலுள்ள கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 1814இல் அவருடைய இளம் மனைவி, பிரசவத்தை அடுத்து, கப்பலிலேயே இறந்தார். மறு ஆண்டுக் குறிப்புகளில் அவள் நினைவும் அவளைக் கண்ட கனவுகளும் வருகின்றன. பகலில் கட்டளையிடும் கப்பற் தலைவன் அழுவதற்கு வேறு இடம் எங்கே?

தமிழில் இந்த வழக்கம் இல்லையா என்று கேட்பவருக்குப் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை பதில். டூப்ளேயின் துபாசியான அவர், 1736 முதல் 1761 வரை, பேச்சுத் தமிழிலேயே எழுதினார். கப்பல் வரவு, வியாபாரம், அரண்மனை வம்பு, தன் பெருமை எல்லாம் கலந்திருக்கும். தற்புகழ்ச்சி கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் 25 ஆண்டுகள் விடாமல் எழுதினாரே! நகரம் ஆங்கிலேயரிடம் விழுவதற்குச் சில நாட்கள் முன் கண்மூடினார்.

எழுதுவது உடம்புக்கு என்ன செய்கிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பெனபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில் பார்த்தார். மாணவர்கள் தம் மனத்தை வருத்திய சம்பவத்தைப் பற்றி, நாளுக்கு 15 நிமிடமாக, நான்கு நாட்கள் எழுதினர். நடந்ததையும் அதுபற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் வைத்தியரிடம் போனது குறைவு. எழுதிய உடனே அவர்களுக்கு மனம் கனத்தது என்பதையும் சொல்லவேண்டும். பிறகு நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் பயன் உண்டு, ஆனால் சிறியது. கொப்பி மருந்துக்குப் பதிலாகாது. தூக்கமற்ற இரவுகளும் உயிர்வெறுப்பும் தொடர்ந்தால் வைத்தியரிடம் வரத்தான் வேண்டும்.

என்னை உறுத்துவது வேறொன்று. மேலே சொன்ன மூவரும் ஆண்கள். அவர்களில் இந்தக் கரையோடு சேர்ந்த இருவரும் கடல் கொண்டுவந்து சேர்த்தவர்கள். இங்கே பிறந்து, இங்கே சமைத்து, கற்பித்து, பிள்ளை பெற்ற பெண்களின் பக்கங்கள் எங்கே? எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அல்ல. நம் பாடசாலையே நூறு வருடமாகக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வீட்டுச் செலவுக் கணக்கை ஒழுங்காக எழுதிய அம்மாமார் உண்டு. 1990இல் ஓடியபோது கொப்பிகளை யார் தூக்கினார்கள்? 2004 மார்கழி 26இல் கடல் எடுத்தவை எத்தனை? 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் விட்டுவந்தவை எத்தனை? இவற்றை வாழ்ந்து கடந்தவர்கள் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது செய்தித்தாளில் வந்த அளவுதான்.

ஆகவே ஒரு 80 பக்கக் கொப்பி வாங்குங்கள், அக்காமாரே, தங்கைமாரே. அழகாக எழுதவேண்டியதில்லை, தமிழ் ரீச்சர் சிவப்பு மையோடு வரமாட்டா. படுக்குமுன் பத்து நிமிடம் போதும். நடந்ததை எழுதுங்கள், அது உங்களுக்கு என்ன செய்தது என்பதையும் எழுதுங்கள். எல்லாவற்றையும் யாருக்கும் காட்டவேண்டும் என்றில்லை, கிழிக்கவேண்டியதைக் கிழிக்கலாம். மிஞ்சும் பக்கங்களின் தலைப்பில் திகதியையும், எந்த ஊரிலிருந்து எழுதுகிறீர்கள் என்பதையும் மறக்காமல் போடுங்கள். பென்சிலால் எழுதாதீர்கள், அழிந்துவிடும்.