நெட்டை நாற்றும் ஒரு வடிகட்டியும்

விதைப்பண்ணை வயல்களைப் பார்வையிடுவதே என் உத்தியோகமாக இருந்தது. அந்தப் பழக்கத்தில், எந்த நெல் நாற்றங்காலைக் கடந்தாலும் கண் நெட்டை நாற்றைத்தான் தேடும். மற்றவற்றை மீறித் தலை தூக்கி, வெளிறி, ஒல்லியாக நிற்கும். பார்த்த மாத்திரத்தில் “கலவன் சார்” என்று சொல்லிவிடுவார்கள். கலவன் என்றால் வேற்று ரகம்; ஆனால் தெம்பாக இருக்கும். இது சோகை பிடித்ததுபோல் நிற்கும். தழைச்சத்து மிஞ்சியது என்று சிலர் சொல்வார்கள். அது மிஞ்சினால் பச்சை கறுக்குமே தவிர வெளிறாது. மர நிழல் என்றால் அந்த மூலை முழுக்க நீண்டிருக்கும். இது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வரும். நட்ட வயலில் தப்பிப் பிழைத்த பயிரைப் பிடுங்கினால் சந்தேகமே வேண்டாம், நோய்தான். தண்ணீருக்கு மேலே உள்ள கணுவிலும் வேர் விட்டிருக்கும், தண்டின் அடியில் வெண்மையாகவோ இளஞ்சிவப்பாகவோ பூசணம் படிந்திருக்கும்.

ஜப்பானிய உழவர்கள் இந்த நோயை ‘பகானே’ என்றார்கள். அங்கே 1898இல் ஷோதாரோ ஹோரி, காரணம் ஒரு பூசணம் என்று காட்டினார். வழக்கு அத்தோடு முடிந்தது என்று எவரும் நினைத்திருக்கலாம். எனக்கு அது பாதித் தீர்ப்பாகவே படுகிறது. பூசணம் பயிரைத் தின்னும், அழுகவைக்கும், கருக்கும்; வளர்க்குமா? அப்போது ஜப்பானின் ஆட்சியில் இருந்த தைவானில் சவாதா என்பவர், பூசணத்திலிருந்து வரும் ஏதோ ஒரு தூண்டல்தான் நாற்றை இழுக்கிறது என்று 1912இல் எழுதினார். அதைச் சோதித்து நிறுவியவர் அதே தீவில் வேலை பார்த்த எய்ச்சி குரோசவா.

அவர் செய்தது எளிய காரியம். பூசணத்தைத் திரவத்தில் வளர்த்தார். பிறகு பூசணத்தை வடிகட்டி எறிந்துவிட்டு, வெறும் நீரை நல்ல நாற்றுகளுக்குக் கொடுத்தார். அவையும் நெட்டையாக வளர்ந்தன. 1926இல் இது அச்சேறியது. நோயாளியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்காமல், குற்றவாளியை அப்புறப்படுத்திவிட்டுக் குற்றம் நடக்கிறதா என்று பார்த்தாரே, நோய் கண்டறியும் கலையில் எனக்கு இதைவிடப் பிடித்த காரியம் இல்லை.

டோக்கியோவில் தெய்ஜிரோ யபூதா அந்த நீரிலிருந்து பொருளைப் பிரிக்க முனைந்தபோது, 1934இல் முதலில் கிடைத்தது நேரெதிரான சரக்கு: வளர்ச்சியைத் தடுக்கும் ஃபியுசாரிக் அமிலம். ஒரே பூசணம் நெட்டையாக்கவும் செய்யும், குட்டையாக்கவும் செய்யும். நோய் கண்ட நாற்றங்காலில் சில நாற்றுகள் குறுகிக் கிடப்பது இப்படித்தான். மறு ஆண்டு தூண்டும் பொருளுக்கு ஜிபரெலின் என்று பெயர் வைத்தார். 1938இல் அவரும் சுமிகியும் அதைப் படிகமாகவே எடுத்துவிட்டார்கள். பிறகு போர். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இந்த ஆராய்ச்சி சூடுபிடிக்க 1950கள் ஆயின. 1958இல் ஒரு பீன்ஸ் வகையின் முற்றாத விதையிலிருந்து ஜிபரெலின் எடுக்கப்பட்டது. அதாவது, பயிர் தனக்கென்று அளவாகச் சுரந்துகொள்ளும் ஒன்றைத்தான் பூசணம் அளவு மீறி ஊற்றிக்கொண்டிருந்தது.

நம் வயலுக்கு இது வேறு வழியில் வந்து சேர்ந்தது. 1966இல் வெளியான ஐ.ஆர். 8 ரகத்தின் குட்டைத் தன்மை, டீ-ஜியோ-வூ-ஜென் என்ற நெல்லிலிருந்து வந்தது. அதுவும் தைவான் நெல்தான்! அந்தக் குட்டைக்குக் காரணம் ஜிபரெலின் சுரப்பில் உள்ள ஒரு மரபணுக் குறை என்று 2002இல் தெரிந்தது. அதே ஜிபரெலிக் அமிலத்தை வீரிய ஒட்டு நெல் விதை உற்பத்தியில் கைத்தெளிப்பானில் ஊற்றி அடிக்கிறோம். அங்கே பெண் வரிசையின் கதிர் கண்ணாடி இலையின் உறையை விட்டு முழுதாக வெளியே வராது. இதை அடித்தால்தான் நீளும்.

நாற்றங்காலுக்கு மட்டும் பழைய கண்டிப்புதான். நெட்டை நாற்றைப் பிடுங்கினால் வரப்பில் போட்டுவிட்டுப் போகக் கூடாது, எரிக்க வேண்டும். அதை நட்டால் பெரும்பாலும் செத்துப்போகும், பிழைத்தாலும் பதர்தான். பூசண வித்துகளோ பூக்கும் பருவத்தில் பக்கத்துக் கதிர்களில் இறங்கி அடுத்த ஆண்டு விதைநெல்லில் உட்கார்ந்துகொள்ளும். உப்புக் கரைசலில் மிதப்பதை அள்ளி எறிவது நல்லதுதான், ஆனால் நோய் தொற்றிய கனமான விதை மிதக்காது. அதற்குத்தான் கிலோ விதைக்கு 2 கிராம் கார்பெண்டாசிம் என்ற பூசணக்கொல்லி.