பூக்கும் தாவரங்களில் டெர்பீனாய்டு உயிரித்தொகுப்பு மரபணுக்கள்

டெர்பீனாய்டு உயிரித்தொகுப்பு மரபணுக்கள் என்பவை டெர்பீனாய்டுகள் எனப்படும் கரிமச் சேர்மங்களை உருவாக்கும் நொதிகளுக்கான மரபணுக்கள் ஆகும். பல பூக்களின் நறுமணம், எலுமிச்சைத் தோலிலுள்ள லிமோனீன், மிளகிலும் கிராம்பிலும் காணப்படும் காரியோஃபிலீன், ஜிப்பரெல்லின் என்னும் வளர்ச்சி இயக்குநீர் ஆகியன டெர்பீனாய்டு வகையைச் சேர்ந்தவை. பூக்கும் தாவரங்களில் இம்மரபணுக்கள் பலமுறை இரட்டித்துப் பெருகியுள்ளன. ஒரு தாவரம் எந்த டெர்பீனாய்டை வெளியிடும் என்பதை நொதியின் அமைப்பு மட்டுமன்றி, அதன் மரபணு எவ்வுறுப்பில், எப்பொழுது வெளிப்படுகிறது என்பதும் முடிவு செய்கிறது.

உயிரித்தொகுப்பு வழிகள்

எல்லா டெர்பீனாய்டுகளும் 5 கரிம அணுக்கள் கொண்ட இரண்டு மூலக்கூறுகளிலிருந்து தோன்றுகின்றன. அவை ஐசோபென்டெனைல் டைபாஸ்பேட், டைமெத்தில்அல்லைல் டைபாஸ்பேட் என்பனவாகும். தாவரங்கள் இவற்றை இரு வழிகளில் தயாரிக்கின்றன. மெவலோனேட் வழி பெரும்பாலும் சைட்டோபிளாசத்தில் நிகழ்கிறது. மெத்தில் எரித்ரிட்டால் பாஸ்பேட் வழி கணிகங்களுக்குள் நிகழ்கிறது.

இவ்வலகுகள் ஒன்றோடொன்று இணைந்து 10 கரிம அணுக்கள் கொண்ட ஜெரனைல் டைபாஸ்பேட், 15 கொண்ட ஃபார்னெசைல் டைபாஸ்பேட், 20 கொண்ட ஜெரனைல்ஜெரனைல் டைபாஸ்பேட் ஆகியவை உருவாகின்றன. டெர்பீன் சிந்தேஸ் என்னும் நொதிகள் இவற்றை முறையே மோனோடெர்பீன், செஸ்குவிடெர்பீன், டைடெர்பீன் என்பனவாக மாற்றுகின்றன.

பரிணாமம்

ஃபிஸ்கோமிட்ரெல்லா என்னும் பாசியில் இக்குடும்பத்தைச் சேர்ந்த செயற்படும் மரபணு ஒன்றே அறியப்பட்டுள்ளது. அதன் நொதி இரு அடுத்தடுத்த வேதிவினைகளையும் தானே செய்து கௌரீன் என்னும் சேர்மத்தைத் தருகிறது. பூக்கும் தாவரங்களில் இவ்விரு வினைகளும் இரு தனி நொதிகளுக்குப் பிரிந்துள்ளன. அவை ஜிப்பரெல்லின் தயாரிப்புக்கு இன்றியமையாதவை. மரபணு இரட்டிப்பால் கிடைத்த பிற படிகள் புதிய பணிகளை ஏற்றன.

இதனால் அராபிடாப்சிஸ் தாவரத்தில் 30-க்கும் மேற்பட்ட டெர்பீன் சிந்தேஸ் மரபணுக்கள் உள்ளன. திராட்சையின் மரபணுத்தொகையில் செயற்படக்கூடியவை எனக் கருதப்படும் 69 மரபணுக்கள் 2010-இல் பட்டியலிடப்பட்டன. யூகலிப்டஸ் கிராண்டிஸ் மரத்தில் இவ்வெண்ணிக்கை 100-ஐத் தாண்டுகிறது. இவற்றுட் பல, குரோமோசோமில் அருகருகே கொத்துகளாக அமைந்துள்ளன. இது அண்மை இரட்டிப்புக்குச் சான்றாகும்.

புதிய பணி தோன்றப் பெரிய மாற்றம் தேவையில்லை. புகையிலையின் ஒரு செஸ்குவிடெர்பீன் சிந்தேஸ் நொதியில் ஏறத்தாழ 550 அமினோ அமிலங்கள் உள்ளன. அவற்றுள் 9 அமினோ அமிலங்களை மாற்றியதும், அது ஹயோசயமஸ் மியூட்டிகஸ் செடியின் நொதியைப் போன்று வேறொரு விளைபொருளைத் தருவது 2006-இல் காட்டப்பட்டது.

வேறு நொதிக் குடும்பமும் இதே பணியை ஏற்கலாம். ரோஜாவின் மணத்திற்குரிய ஜெரனியாலின் உற்பத்தியில் டெர்பீன் சிந்தேஸ் அன்றி, நுடிக்ஸ் ஹைட்ரோலேஸ் வகை நொதியே பங்குகொள்கிறது என்பது 2015-இல் கண்டறியப்பட்டது.

மரபணு வெளிப்பாடு

கலிபோர்னியாவைச் சேர்ந்த கிளார்க்கியா பிரூவெரி என்னும் செடியின் பூக்கள் லினலூலை வெளியிட்டு அந்துப்பூச்சிகளை ஈர்க்கின்றன. அதன் நெருங்கிய உறவினமான கிளார்க்கியா கான்சின்னாவின் பூக்களில் இத்தகைய மணம் இல்லை. எனினும் லினலூல் சிந்தேஸ் மரபணு அதிலும் உண்டு; அது சூலகமுடியில் மட்டும் சிறிதளவு வெளிப்படுகிறது. மணமுள்ள இனத்தில் அதே மரபணு இதழ்களிலும் மிகுதியாக வெளிப்படுகிறது.

நொதி இருக்கும் இடமும் முக்கியமானது. ஸ்னாப்டிராகன் பூவில் ஏறக்குறைய ஒன்றுபோன்ற இரு நொதிகள் உள்ளன. கணிகத்துள் இருப்பது லினலூலையும், சைட்டோபிளாசத்தில் இருப்பது நெரோலிடாலையும் தயாரிக்கின்றன. அங்கங்கே கிடைக்கும் மூலப்பொருள் வேறுபடுவதே இதற்குக் காரணம்.

அராபிடாப்சிஸ் பூவில் எம்.ஒய்.சி.2 என்னும் படியெடுத்தல் காரணி, காரியோஃபிலீன் தயாரிக்கும் மரபணுவைத் தூண்டுகிறது. சூலகமுடியிலிருந்து வெளிவரும் காரியோஃபிலீன் பாக்டீரியாத் தொற்றைக் கட்டுப்படுத்துகிறது. இதை வெளியிடாத திடீர்மாற்றச் செடிகளில் தொற்று மிகுந்து, விதைகளின் எடை குறைந்தது.

வேளாண்மையில் முக்கியத்துவம்

வெளிப்பாடு இழப்பின் விளைவை மக்காச்சோளம் தெளிவாகக் காட்டுகிறது. வேர்ப்புழு தாக்கும்போது இதன் வேர் காரியோஃபிலீனை மண்ணில் வெளியிடுகிறது. அம்மணம், அப்புழுவைக் கொல்லும் நூற்புழுக்களை அழைத்து வருகிறது. மக்காச்சோளத்தின் காட்டு மூதாதையான டியோசின்டேயிலும் பல ஐரோப்பிய வகைகளிலும் இப்பண்பு உண்டு. பெரும்பாலான வட அமெரிக்க வகைகளில் இல்லை. அவற்றில் மரபணு அழியவில்லை. அதன் படியெடுப்பே நின்றுவிட்டது. விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுத்த பயிரில் கண்ணுக்குப் புலப்படாத பாதுகாப்பு இவ்வாறு நழுவிப்போயிற்று.

2009-இல் வெளியான ஆய்வொன்றில், மணம் வெளியிடாத வகை ஒன்றில் ஆரிகானோ செடியின் காரியோஃபிலீன் சிந்தேஸ் மரபணு சேர்க்கப்பட்டது. நூற்புழுக்கள் விடப்பட்ட வயலில் இச்செடிகளின் வேர்ச்சேதம் குறைந்தது. மாற்றப்படாத செடிகளைவிட 60% குறைவான வண்டுகளே வெளிவந்தன. எனவே புதிய பயிர் வகைகளை உருவாக்கும்போது, ஒரு மரபணு உள்ளதா என்பதுடன் அது வெளிப்படுகிறதா என்பதையும் ஆராய்தல் அவசியமாகும்.