மின்சுற்றுக்கு ஒரு மேலாடை

வானொலிக் கருவியின் பகைவர் யாவர் என்று வினவினால் இடி என்பீர்கள். எலி என்றும் சிலர் கூறக்கூடும். அவ்விரண்டினும் கொடிய பகை ஈரம். இரண்டாம் உலகப் போர் இவ்வுண்மையைப் பெருவிலை கொண்டு உணர்த்தியது.

1942ஆம் ஆண்டு முதல் நியூகினித் தீவின் காடுகளில் ஆஸ்திரேலிய, அமெரிக்கப் படைகள் ஜப்பானியரோடு பொருதன. ஓயாத மழை, மழை விட்டால் புழுக்கம். குளிர்நாட்டுத் தொழிற்சாலைகளில் உருவான செய்திக் கருவிகள் பல அங்கே விரைவில் ஊமையாயின. உள்ளே பூஞ்சக்காளான் படர்ந்திருந்தது. அதன் இழைகள் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தூசியிலும் கைவியர்வையிலும் உள்ள உப்பு அவ்வீரத்திற் கரையும். உப்புநீர் மின்சாரத்துக்கு வழிவிடும். செல்லத் தகாத வழியில் மின்சாரம் கசிந்தால் கருவி எவ்வாறு பேசும்? பின்னணிப் பீரங்கிப் படையோடு பேச இயலாத முன்னணி வீரனுக்கு அது உயிர்ப்போராட்டம்.

பூச்சிட்டு ஈரம் தடுப்பது புதிய கருத்தன்று. நம் நாட்டுப் பலாசு முதலிய மரங்களில் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினை எரிசாராயத்திற் கரைத்துக் கம்பிச் சுருள்களுக்குப் பூசும் வழக்கம் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அவ்வரக்குக்கு மாற்றுத் தேடப் புகுந்த பேக்லண்ட் என்னும் வேதியியலார் 1907இல் பேக்கலைட்டைக் கண்டார்.

போர்க்காலத்தில் அமெரிக்கச் செய்தித் தொடர்புப் படை வகுத்த முறையோ கவனத்துக்குரியது. கருவியைப் பிரித்துத் துடைப்பர். சூட்டடுப்பில் உலர்த்துவர். பின்னரே பூஞ்சைக்கொல்லி கலந்த வார்னிஷைத் தெளிப்பர். உலர்த்தாமற் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். பகைவனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியது போலாகும். பூசுமுன், தொடுமுனைகளையும் சுழல் மின்தேக்கியின் தகடுகளையும் ஒட்டுநாடாவால் மறைப்பர். பூசத்தகாத இடத்தை அறிவதே இக்கலையின் பாதி என்பேன். இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில் ஆய்வுக்கூடத்து மின்மணி ஒன்றுக்கு நானே ஆர்வத்தோடு வார்னிஷ் பூசினேன். மணி பளபளத்தது; தொடுமுனையும் பூச்சில் மூழ்கியதால் ஒலிக்கத்தான் இல்லை! மாணவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்றும் நினைவில் உள்ளது.

வியன்னாவிற் பிறந்த பவுல் ஐஸ்லர், போருக்கு முன்னரே இலண்டனில் அச்சிட்ட மின்சுற்றுடன் வானொலி செய்தார். போருக்குப் பின் அம்முறை பரவியது. பலகையில் செப்புத் தடங்கள் மேன்மேலும் நெருங்கின. இடையே துளி ஈரமும் பொறுக்கலாகாது என்றாயிற்று. தூரிகையோ மூலைமுடுக்கெல்லாம் புகாது.

விடை எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. 1947இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சுவார்க் என்பார் பாராசைலீன் என்னும் பொருளின் ஆவியைக் கடுஞ்சூட்டில் ஆராய்ந்தார். குழாயின் குளிர்ந்த பகுதியில் மெல்லிய படலம் ஒன்று படிந்திருந்தது. உரித்தெடுத்தால் சிறு பாம்பின் சட்டை போன்றிருந்தது. அவர் கண்ட வழியில் விளைவு குறைவு. யூனியன் கார்பைடு நிறுவனத்தின் வில்லியம் கார்ஹம் வேறொரு மூலப்பொருள் கொண்டு அதனைச் செம்மைப்படுத்தினார். 1965இல் ‘பாரிலீன்’ வெளிவந்தது. காற்று நீக்கிய அறையில் ஆவியாகவே பரவி, தலைமயிரினும் மெல்லிய படலமாக எம்மூலையிலும் அது படியும். உடலினுள் பொருத்தும் இதய இயக்கிக் கருவிகளிலும் பயன்படுகிறது.

ஆயினும் அவ்வாவிக்கும் இடம் பார்க்கத் தெரியாது. இணைப்பு முனைகளை ஒட்டுநாடாவால் மறைத்த பின்னரே இன்றும் பலகையை அவ்வறைக்குள் வைக்கின்றனர்.