அட்மிரலின் மேலங்கி

18ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் பீர்தான் அன்றாடப் பானம். பீப்பாய்த் தண்ணீர் சில வாரங்களிலேயே பாசி பிடித்து நாறும் என்பதால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன் பீர் அளந்தார்கள். கரீபியன் வெக்கையில் அந்தப் பீரும் புளித்தது. 1655இல் ஸ்பெயினிடமிருந்து கைப்பற்றிய ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்கள் அதற்கு மாற்று தந்தன: ரம். கெட்டுப்போகாது, இடத்தையும் அடைக்காது. ஆனால் அந்தப் பீப்பாய்களோடு வினையும் கப்பலேறியது.

ஆளுக்கு நாளொன்றுக்கு அரை பைன்ட், அதாவது ஏறக்குறைய கால் லிட்டர், தண்ணீர் கலக்காத ரம். சிலர் ஒரே மடக்கில் குடித்தார்கள். சிலர் நாலைந்து நாள் பங்கைப் பதுக்கிவைத்து ஒரே ராத்திரியில் தீர்த்தார்கள். பாய்மரத்தின் உச்சியில், ஆடும் கயிற்றில் கால் ஊன்றிப் பாய் சுருட்ட வேண்டியவர்கள் இவர்கள். கப்பல்களில் விபத்தும் அடிதடியும் பெருகின. யாராவது ரம்மில் கைவைத்தே ஆக வேண்டும் என்ற நிலை. கைவைத்தவர் நாடே கொண்டாடிய ஒரு வீரர்.

அட்மிரல் எட்வர்ட் வெர்னன், 1739இல் ஆறே கப்பல்களோடு போய் ஸ்பெயினின் போர்ட்டோ பெல்லோ துறைமுகத்தைப் பிடித்தவர். லண்டனின் போர்ட்டபெல்லோ சாலையின் பெயர்கூட அந்த வெற்றியிலிருந்து வந்ததுதான். பட்டும் ஆட்டுமயிரும் கலந்து நெய்து, பசையிட்டு விறைப்பாக்கிய 'கிராக்ரம்' என்ற முரட்டுத் துணியில் தைத்த மேலங்கியைத்தான் அவர் வழக்கமாக அணிந்தார். மாலுமிகள் வைத்த செல்லப்பெயர் 'ஓல்ட் கிராக்'. அந்தச் செல்லம் வெகுநாள் நீடிக்கவில்லை.

1740 ஆகஸ்ட் 21 அன்று ஜமைக்காவிலிருந்து வெர்னனின் உத்தரவு பறந்தது. அரை பைன்ட் ரம்முக்கு ஒரு குவார்ட் தண்ணீர், அதாவது ஒன்றுக்கு நான்கு. மேல்தளத்தில், அதிகாரியின் கண்ணெதிரே கலக்க வேண்டும். காலையும் மாலையும் இரண்டு தவணையாக ஊற்ற வேண்டும். நுட்பமான யோசனை இது. ரம்மின் அளவில் ஒரு சொட்டுகூடக் குறையவில்லை; ஆனால் தண்ணீர் கலந்த ரம் சீக்கிரமே சுவை கெடும், பதுக்க முடியாது. வேண்டியவர்கள் தங்கள் செலவில் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவு சொன்னது. மாலுமிகளோ முணுமுணுத்தார்கள். அந்தக் கலவைக்கு அட்மிரலின் பட்டப்பெயரையே சூட்டினார்கள்: 'கிராக்'.

அதன்பின் அட்மிரலுக்கு இறங்குமுகம். 1741இல் பெரும் கடற்படையோடு கார்த்தஹேனா நகரை முற்றுகையிட்டார். காய்ச்சல் ஆயிரக்கணக்கில் ஆட்களை விழுங்க, வெறுங்கையோடு திரும்பினார். 1746இல் மேலதிகாரிகளோடு மோதிப் பதவியையும் இழந்தார். அவரிடம் பணிபுரிந்த லாரன்ஸ் வாஷிங்டன் தம் அமெரிக்கப் பண்ணைக்கு 'மவுண்ட் வெர்னன்' என்று பெயரிட்டார். பின்னாளில் தம்பி ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த வீடு அதுதான். வெர்னனின் பெயர் அங்கே நிலைத்தது. மேலங்கியின் பெயரோ இன்னும் தூரம் போனது.

தண்ணீர் கலந்தாலும் ரம் ரம்தானே? கிராக் உள்ளே போனவன் கால் தரையில் பாவாமல் நடந்தான். அவனைக் குறிக்க ஒரு சொல் பிறந்து, 1770இல் குடிவெறியைச் சொல்லும் வார்த்தைகளோடு அச்சேறியது: 'கிராகி'. 19ஆம் நூற்றாண்டில் அது குடியை விட்டு விலகத் தொடங்கியது. முன்கால் தளர்ந்து தடுமாறும் குதிரை 'கிராகி' ஆனது. குத்து வாங்கித் தள்ளாடிய குத்துச்சண்டை வீரரும் 'கிராகி' ஆனார்.

1970 ஜூலை 31 அன்று பிரிட்டிஷ் கடற்படை ரம் பங்கீட்டை நிறுத்தியபோது, சில மாலுமிகள் கையில் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டார்கள். சொல்லோ எப்போதோ கரையேறிவிட்டிருந்தது. மயக்க மருந்து முழுதாகத் தெளியாத நோயாளி, காய்ச்சலிலிருந்து எழுந்தவர், இரவு விமானத்தில் அரைத்தூக்கத்தோடு வந்திறங்கியவர் என எல்லோருக்கும் இன்று அது பொருந்துகிறது. ரம்மை முகர்ந்தே பார்க்காதவரும் 'ஐ ஃபீல் கிராகி' என்று தயங்காமல் சொல்கிறார். ஆடும் மேசைக்கும் ஏணிக்கும் ஆங்கிலத்தில் வேறு சொற்கள் உண்டு. 'கிராகி' பெரும்பாலும் உயிருள்ளவர்களின் தடுமாற்றத்துக்கே.