ஒகசாகித் துண்டுகளும் தாத்தாவின் தவறும்



போன வாரம் ஒரு தவறு செய்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அறிவியல் பாடம் படித்துக்கொண்டே, "தாத்தா, ஒகசாகித் துண்டுன்னா என்ன?" என்று கேட்டாள். "நாகசாகி மாதிரி ஜப்பான்ல ஒரு ஊர்ம்மா, அங்க கண்டுபிடிச்சது" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். இரவெல்லாம் மனசு உறுத்தியது. தேடிப் படித்தேன். அது ஒரு கணவன் மனைவியின் பெயர்.

முதலில் விஷயத்தைச் சொல்கிறேன். டி.என்.ஏ. இரண்டு இழைகளால் ஆனது. இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுபவை. நகல் எடுக்கும் பாலிமரேஸ் என்ற நொதிக்கோ ஒரே திசையில்தான் வேலை செய்யத் தெரியும்.

நம் ஊர் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். திண்டுக்கல்லில் தொடங்கி மதுரை நோக்கி வழி திறந்துகொண்டே போகிறது. ஓர் இழையில் நொதி அதன் பின்னாலேயே நிற்காமல் போய்விடும். மற்றோர் இழையில் அது மதுரைப் பக்கமிருந்து திண்டுக்கல் பக்கமாகத்தான் வர முடியும். எனவே அம்பாத்துரை வரை திறந்ததும் அங்கிருந்து திண்டுக்கல்லுக்கு ஒரு துண்டு. கொடைரோடு வரை திறந்ததும் அங்கிருந்து அம்பாத்துரைக்கு ஒரு துண்டு. இதுதான் பின்தங்கும் இழை.

ஒவ்வொரு துண்டையும் தொடங்கிவைக்கப் பிரைமேஸ் ஒரு சிறு ஆர்.என்.ஏ. துணுக்கை இடும். வேலை முடிந்ததும் அந்தத் துணுக்கை நீக்கி, டி.என்.ஏ.வால் நிரப்பியாக வேண்டும். கடைசியில் லிகேஸ் வந்து துண்டுகளை ஒட்டும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நகோயா பல்கலைக்கழகத்தின் ரெய்ஜி ஒகசாகியும் சுனேகோ ஒகசாகியும். பாக்டீரியாவுக்குச் சில நொடிகள் மட்டும் கதிரியக்க அடையாளமிட்ட பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். புதிதாக உருவான டி.என்.ஏ. 1000 முதல் 2000 எழுத்துகள் கொண்ட சிறு துண்டுகளாகக் கிடைத்தது. கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தால் எல்லாம் நீண்ட இழையாகியிருந்தது. லிகேஸ் பழுதான வைரஸில் துண்டுகள் ஒட்டாமல் குவிந்தன. 1968-ல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

பிரிவினைக்கு முந்தைய இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா நோபல் பரிசு பெற்றதும் அதே 1968-ல்தான். 1970-ல் அவர் குழு முதல் செயற்கை மரபணுவை அறிவித்தது. வேதியியல் முறையில் செய்த சிறு துண்டுகளை ஒட்ட அவர்கள் பயன்படுத்தியதும் இதே லிகேஸ் வகை நொதிதான்.

ரெய்ஜி பிறந்தது ஹிரோஷிமாவில். 14 வயதில் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-ல் இரத்தப் புற்றுநோயால் இறந்தபோது வயது 44. இரண்டு குழந்தைகளோடு நின்ற சுனேகோ ஆய்வை விடவில்லை. துண்டுகளைத் தொடங்கிவைப்பது ஆர்.என்.ஏ. என்பதை உறுதிசெய்யும் வேலையை முடித்தார். 2021-ல் ஜப்பான் அரசு அவருக்குப் பண்பாட்டு விருது அளித்தது. கணவர் பாதியில் விட்ட இழையை மனைவி இணைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

காலையில் பேத்தியிடம், "தாத்தா சொன்னது தப்பும்மா" என்று எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப அந்தப் பாட்டி பேரையும் சேர்த்து எழுதலாமா?" என்றாள். தாராளமாக எழுது என்றேன்.

மாணவச் செல்வங்களே, உங்கள் கேள்வி எதற்காவது தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி உங்களை உட்கார வைத்திருந்தால், இந்த வாத்தியாரை மன்னியுங்கள். அந்தக் கேள்வியை இங்கே எழுதுங்கள். இப்போது சேர்ந்து படிப்போம்.