மூன்று தட்டச்சர்கள்

1971இன் பிற்பாதியில், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் பிறந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான டென்னிஸ் ரிட்சி பின்னாளில் அதன் வரலாற்றை எழுதினார். காப்புரிமைத் துறையின் மூன்று தட்டச்சர்கள் நாள் முழுக்க அந்தக் கணினியில் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து திருத்தினார்கள் என்று அதில் ஒரு வாக்கியம் வருகிறது. கென் தாம்சன், ஒஸ்ஸானா என ஆண்களின் பெயர்கள் வரும் அந்தக் கட்டுரையில் இவர்களுக்கு எண்ணிக்கை மட்டும்தான் உண்டு. அன்றைய அமெரிக்க அலுவலகங்களில் தட்டச்சு பெரும்பாலும் பெண்களின் வேலை.

யூனிக்ஸில் அப்போதிருந்த திருத்தி, தாம்சன் எழுதிய ‘எட்’. எடிட்டர் என்பதன் சுருக்கம். திரை கிடையாது. விசைப்பலகையோடு இணைந்த அச்சு இயந்திரம் காகிதத்தில் நொடிக்குப் பத்துப் பதினைந்து எழுத்துகளை அடிக்கும். பக்கம் முழுவதையும் பார்க்க நினைத்தால் நேரமும் தாளும் செலவு. அதனால் வரி எண்ணைச் சொல்லி ஓரெழுத்துக் கட்டளை தர வேண்டும். ‘பி’ வரியை அச்சிடும்; ‘டி’ நீக்கும்; ‘எஸ்’ சொல்லை மாற்றும். ‘ஏ’ தந்துவிட்டுப் புதிய வரிகளைத் தட்டலாம். தனி வரியில் ஒரு புள்ளி வைத்தால் அது முடிந்தது. ‘டபிள்யூ’ சேமிக்கும். கட்டளை பிசகினால் ஒரு கேள்விக்குறி வரும், விளக்கம் வராது.

எட்டாம் வரியை நீக்கினால் ஒன்பதாம் வரி எட்டாகிவிடும். இந்தக் கணக்கையும் ஆவணத்தையும் மனத்தில் சுமந்தவர் தட்டச்சர். போதாக்குறைக்கு, அந்தக் கணினியில் நினைவகப் பாதுகாப்பு இல்லை; பக்கத்தில் யாராவது சோதிக்கும் புதிய நிரல் தடுமாறினால் எல்லாருடைய வேலையும் நின்றுபோகலாம்.

அந்தக் கணினி வாங்கப்பட்டதே எழுத்துப்பணிக்கு ஒரு அமைப்பை உருவாக்கித் தருகிறோம் என்ற வாக்குறுதியின்பேரில்தான். அதை நிறைவேற்றிக் காட்டியது இந்தத் தட்டச்சர்களின் அன்றாட வேலை. காப்புரிமைத் துறை யூனிக்ஸை ஏற்றது. அந்த நற்பெயரால் உருவாக்கியவர்களுக்கு இன்னும் பெரிய கணினி கிடைத்தது.

பொட்டிபுரம், போடி என்று இந்த மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இது புதிய கதையல்ல. போடியில் பெண்கள் ஏலக்காயை நிறமும் பருமனும் பார்த்துக் கையால் தரம் பிரிக்கிறார்கள். அந்தத் தரத்தை வைத்துத்தான் சந்தையில் விலை. பிரித்தவள் பெயர் மூட்டையில் இருக்காது. உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்பார்கள். தட்டச்சையும் அப்படித்தான் சொன்னார்கள்.

தொழில்நுட்ப வரலாறு படிக்கும் மாணவிகள் ஒரு கருவியைச் செய்தவர் யார் என்று கேட்பதோடு, அது பயன்படும் என்று முதலில் உழைத்துக் காட்டியவர் யார் என்றும் கேட்க வேண்டும்.